ஆச்சா மரமும் செவிப் பயிற்சியும்: நரசிங்கம்பேட்டைப் பட்டறைகள்

தஞ்சாவூர் மாவட்டத்தில் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை, தலைமுறை தலைமுறையாக நாகசுரம் செய்துவரும் ஆசாரிமார்களின் ஊர். இங்கு உருவாகும் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் பட்டறைகளில் நின்று பார்ப்பவரின் உள்ளத்தில் ஆழப் பதிவது அந்தப் பெருமையைவிட, கருவியைச் செய்பவரும் அதை வாசிப்பவரும் வாழ்நாள் முழுதும் ஒருவரிடம் ஒருவர் பாடம் கேட்டுவரும் உறவேயாகும்.

நாகசுரத்துக்குரிய ஆச்சா மரம் பச்சையாகப் பயன்படுவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களும் தூண்களும் பல பத்தாண்டுகள் காய்ந்து ஈரம் வற்றியவை என்பதால், கடைந்தபின் அவை எளிதில் வளைவதோ வெடிப்பதோ இல்லை. கட்டையைக் கடைசலில் ஏற்றி உருட்டி, மேலே குறுகிக் கீழே விரியும் உட்துளையைக் குடைந்தெடுத்த பின், ‘உலவு’ எனப்படும் அக்குழலில் விரல்களுக்குரிய ஏழு துளைகளும், அவற்றின் கீழே சுருதியைச் சீர்செய்ய உதவும் துளைகளும் இடப்படுகின்றன. துளை இம்மி விலகினாலும் சுரம் பிசகும். கண்ணளவு இங்கே போதாது. ஆகவே ஆசாரி, நாணல் வகைத் தட்டையைப் பக்குவப்படுத்திச் செய்த ‘சீவாளி’ என்னும் ஊதுவாயைப் பொருத்தி ஊதுகிறார், சற்றே குடைகிறார், மறுபடியும் ஊதுகிறார், கீழ்த்துளையில் மெழுகை அப்பியோ எடுத்தோ ஒலியை நேர்செய்கிறார். கச்சேரி மேடை ஏறாத ஒருவரின் செவி இவ்வளவு கூர்மை பெறுவது, கருவியைத் திருத்திக்கொள்ள வரும் வித்துவான்கள் வாசித்துக் காட்டிக் குறை சொல்லச் சொல்ல விளைந்த கல்வியே.

இவ்வுறவின் மிகச் சிறந்த விளைவு பாரி நாகசுரம். முன்பு வழங்கிய ‘திமிரி’ குட்டையானது, உச்சச் சுருதி உடையது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக இவ்வூர் ரங்கநாதன் ஆசாரி, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரியில், இரு மத்திமங்களுள் தாழ்ந்ததாகிய சுத்த மத்திமம் துல்லியமாகப் பேசும்படி செய்து கொடுத்தார். நீண்ட குழலில் துளைகளின் இடைவெளியும் மூச்சின் அளவும் மாறுகின்றன. ஆதலால் ஆசாரி தம் அளவுகளைப் புதிதாகக் கண்டறிந்ததுபோலவே, புகழின் உச்சியில் இருந்த வித்துவானும் விரலையும் மூச்சையும் புதிய கருவிக்குப் பழக்க வேண்டியிருந்தது.

வாசிப்பவர் மரபில் இளையோரை வளர்த்த முறை ‘ஒத்து’ என்னும் கருவியை ஊதவைப்பதாகும். ஆதார சுருதியை மட்டும் இடைவிடாது ஒலிக்கும் இக்கருவியை ஏந்திய மாணவர், குருவின் அருகில் இரவெல்லாம் நின்று, மூச்சை அடக்கியாளவும் ராகம் விரியும் போக்கை உணரவும் கற்றார். சுருதிப்பெட்டி அவ்விடத்தைப் பிடித்தது வசதிக்குரியதே; ஆயினும் மேடையிலேயே நிகழ்ந்த அப்பயிற்சியை அது ஈடுசெய்யவில்லை.

இன்று மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. அங்குப் பயிலும் பிள்ளைகள் ஒரு பருவமேனும் இப்பட்டறைகளில் அமர்ந்து, குழல் குடையப்படுவதையும் மெழுகால் சுரம் நேர்படுவதையும் கண்டு கேட்டுக் கற்கும் ஏற்பாடு பாடத்திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். ஆசாரிமாருக்கு அதற்குரிய ஆசிரியர் ஊதியமும் வழங்கப்பட வேண்டும்.