தஞ்சாவூரில் ஆறு வாரம்: ஓர் ஆபரேஷன், ஒரு பொய்

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். விடிவதற்கு முன்பே உழவன் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூரில் நின்றது. பெட்டியை என் கணவர்தான் இறக்கினார். நான் எதையும் தூக்கக் கூடாது. பத்து நாளைக்கு முன்னால் சென்னையில் எனக்கு ஓர் ஆபரேஷன் நடந்திருந்தது.

ஸ்டேஷனுக்கு வந்திருந்த அம்மா என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "ஹெர்னியான்னா இவ்வளவு வெளிறிப் போகுமா?" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன்.

எனக்கு ஹெர்னியா இல்லை. நான் செய்துகொண்டது லைபோசக்‌ஷன். வயிற்றிலும் இடுப்பின் இரு பக்கமும் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன். அது என் கணவருக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும்.

ஏன் செய்துகொண்டேன்?

எனக்கு 43 வயது. இரண்டும் சிசேரியன். உணவைக் கட்டுப்படுத்தி, நடந்து, ஒன்றரை வருஷத்தில் 9 கிலோ குறைத்தேன். முகம் ஒட்டியது, கை மெலிந்தது. வயிறு மட்டும் அசையவே இல்லை. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் தூரத்து உறவு ஒருவர் என் காதருகே வந்து, "எத்தனை மாசம்?" என்று கேட்டார். அன்று ராத்திரி நான் அழுததை இங்கே எழுத வெட்கமில்லை. அப்போது வெட்கமாக இருந்தது. அதனால்தான் பொய்.

இந்தச் சிகிச்சை 1970களில் இத்தாலியிலும் பிரான்ஸிலும் உருவானது. உப்புநீரோடு மரத்துப்போகும் மருந்தையும், ரத்தக் கசிவைக் குறைக்கும் மருந்தையும் கலந்து கொழுப்புக்குள் செலுத்திவிட்டு, பிறகு மெல்லிய குழாயால் உறிஞ்சும் முறையை 1980களில் அமெரிக்காவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் கொண்டுவந்தார். இன்று பெரும்பாலும் அந்த வழிதான். எனக்கு எடுத்தது சுமார் மூன்று லிட்டர். ஒரே தடவையில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுப்பதைப் பெரிய ஆபரேஷனாகவே கருதி, ராத்திரி முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இது உடம்பு இளைக்கிற ஆபரேஷன் இல்லம்மா, வடிவத்தைச் சரிசெய்யற ஆபரேஷன்" என்றும் சொன்னார். நான் பாதியைத்தான் காதில் வாங்கினேன்.

கரந்தை வீட்டில்

எங்கள் வீடு கரந்தையில், வடவாற்றுக்குப் பக்கம். 1911-இல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தால் பேர்பெற்ற அதே கரந்தைதான். வீட்டுக்குப் பின்னால் கிணறு, முன்னால் திண்ணை. இரண்டு பிரசவத்துக்கும் இங்கேதான் வந்து படுத்தேன். மூன்றாவது தடவையாக அதே கட்டில்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளிலிருந்தே ஓர் இறுக்கமான உடையைப் போட்டுவிட்டார்கள். மார்புக்குக் கீழே தொடங்கித் தொடை வரை வரும். ஆறு வாரம் ராத்திரி பகலாகப் போட வேண்டும். குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். முதல் தடவை கழற்றியபோது தலை சுற்றி, குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டேன். சட்டென்று கழற்றினால் பலருக்கும் இப்படி ஆகுமாம். உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு கழற்றுவதுதான் நல்லது. மார்கழி என்பதால் தப்பித்தேன். சித்திரை வெயிலில் அந்த உடையோடு தஞ்சாவூரில் இருப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

முதல் வாரம் எடை மெஷினில் ஏறியவள் திடுக்கிட்டேன். எடை குறையவில்லை, ஒரு கிலோ கூடியிருந்தது! எல்லாம் வீக்க நீர். வயிறு கன்றிப்போய் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. தொட்டால் மரத்த மாதிரி இருக்கும், திடீரென்று அரிக்கும். அங்கங்கே கட்டி கட்டியாகத் தட்டுப்படும். இவையெல்லாம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மெல்ல அடங்கும். உண்மையான வடிவம் தெரிய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

என் அப்பாவுக்கு அம்மன்பேட்டை பக்கம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம். சம்பா நடவு. கால்களை நீட்டி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒருநாள், "வாய்க்கால் மட்டும் இருந்தா பயிர் விளையாதும்மா. வடிகாலும் இருக்கணும். தேங்கின தண்ணி வேரை அழுக வச்சிரும். எழுந்து நட" என்றார். ஹெர்னியா என்று நம்பிக்கொண்டு அவர் சொன்னது, என் ஆபரேஷனுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியது. ஆபரேஷனான அன்றே எழுந்து நடக்கச் சொல்வதும் இதற்காகத்தான். படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

அந்த இரண்டு நாள்

தஞ்சாவூர் வந்து ஒரு வாரம் ஆனபோது இடது கெண்டைக்கால் வலித்தது. மறுநாள் லேசாக வீங்கியது. வலது கால் சாதாரணமாக இருந்தது. 'ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே வாங்க' என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் டாக்டரிடம் போனால் அம்மா கூட வருவாள். என்ன ஆபரேஷன் என்று கேட்பார்கள். உண்மை வெளியே வந்துவிடும்.

இரண்டு நாள் தைலம் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். படித்தவள், வங்கியில் வேலை பார்க்கிறவள்.

இரண்டாவது ராத்திரி தூக்கம் வரவில்லை. 2022 மே மாதம் பெங்களூரில் நடந்தது நினைவுக்கு வந்தது. 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். பெற்றோரிடம் சொல்லாமல் போயிருந்தார் என்று அப்போது செய்திகளில் வந்தது. அந்தத் தாயை நினைத்தேன். அடுத்த அறையில் என் தாய் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குகிறதா என்று எனக்கு நானே எண்ணிப் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ஆட்டோ பிடித்து மெடிக்கல் காலேஜ் சாலையில் ஒரு டாக்டரிடம் போனோம். அம்மாவும் கூட வந்தாள்.

"என்ன ஆபரேஷன்?"

"ஹெர்னியா" என்றாள் அம்மா, எனக்கு முந்தி.

டாக்டர் வயிற்றைப் பார்த்தார். ஹெர்னியாவுக்கான தையல் இல்லை. சின்னச் சின்ன ஓட்டை தழும்புகள்தான். என் முகத்தைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்க்காமல் சொன்னேன்: "லைபோசக்‌ஷன், டாக்டர்."

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. டாக்டர் மட்டும் எழுதிக்கொண்டே, "நல்லவேளை சொன்னீங்க. ஊருக்கு என்ன வேணா சொல்லுங்க, டாக்டர்கிட்ட மட்டும் மறைக்காதீங்க" என்றார். உடனே காலுக்கு டாப்ளர் ஸ்கேன். ரத்தக் கட்டி இல்லை. இறுக்க உடையின் ஓரம் தொடையில் சுருண்டு, கயிறு மாதிரி அழுத்தியிருந்தது. அந்த ஓரத்தை நீவி விட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது.

எனக்கு ஒன்றும் இல்லாமல் போனது அதிர்ஷ்டம். யாருக்கு ஆபரேஷன் ஆகியிருந்தாலும் சரி, ஒரு காலில் மட்டும் வலியோ வீக்கமோ வந்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், காய்ச்சல் அடித்தால், காயத்தைச் சுற்றிச் சிவந்து பரவினால், வயிற்று வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

ஆட்டோவில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து, காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வயித்தை எடு, வை, அது உன் உடம்பு. ரெண்டு நாள் கால் வலியோட எங்கூடவே இருந்தும் சொல்லலையே, அதுதான்டி எனக்கு ஆத்தாமையா இருக்கு."

நான் காபியைக் குடிக்க வெகுநேரம் ஆனது.

பெரிய கோயிலில் ஒரு சுற்று

மறுநாளிலிருந்து அம்மாவே என்னை எழுப்பினாள். காலை ஆறு மணிக்கெல்லாம் பெரிய கோயில். 1010-ஆம் ஆண்டு ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயிலைச் சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்ப்பார்கள். 216 அடி விமானம் அல்லவா! நான் குனிந்து தரையைப் பார்த்தேன். நடக்க இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது. மதிலுக்குள் நீளம் சுமார் 240 மீட்டர், அகலம் சுமார் 120 மீட்டர். மதிலை ஒட்டி ஒரு சுற்று வந்தால் 700 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேடு பள்ளம் இல்லை, வண்டி இல்லை. களைத்தால் திருச்சுற்று மாளிகையில் உட்காரலாம். மார்கழிக் காலையில் கல் ஜில்லென்று இருக்கும்.

முதல் நாள் அரைச் சுற்று. ஒரு வாரத்தில் ஒரு சுற்று. பொங்கலுக்குள் மூன்று சுற்று. மாட்டுப் பொங்கலன்று பெரிய நந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பு என்று மாலை மாலையாகச் சாத்தியிருந்தார்கள். கூட்டத்தில் இடிபடக் கூடாது என்று அம்மா என் வயிற்றுக்கு முன்னால் கையை வேலியாக வைத்துக்கொண்டே வந்தாள்.

இன்னொரு நாள் அரண்மனைக்குப் போனோம். கலைக்கூடத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள். அம்மன்களின் இடை ஒரு பிடிக்குள் அடங்கும். பிள்ளையார்களோ தொந்தியும் தொப்பையுமாக! இரண்டையும் ஒரே கூரையின் கீழே வைத்துத்தான் கும்பிட்டு வந்திருக்கிறோம்.

அதே வளாகத்தில் சரஸ்வதி மகால் நூலகம். இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832) மருத்துவத்தில் பெரிய ஈடுபாடு உள்ளவர். தன்வந்திரி மகால் என்று ஒன்றை அமைத்து, பல முறை வைத்தியங்களையும் சோதித்துத் தொகுக்கச் செய்தார். அவர் காலத்தில் கண் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகள் படங்களோடு இந்த நூலகத்தில் இருக்கின்றன. அந்த இடத்தில் நின்றபோது எனக்குச் சுருக்கென்றது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில், வைத்தியம் பார்ப்பவரிடம் எதையும் மறைக்காமல் காட்டி எழுதவைத்திருக்கிறார்கள். நான் டிஸ்சார்ஜ் தாளைப் பெட்டிக்கு அடியில், புடவைக்குள் சுருட்டி வைத்திருந்தேன்.

ஐந்து ஆறு தாண்டி

ஆறு வாரம் முடிந்து இறுக்க உடைக்கு விடை கொடுத்த பிறகு, திருவையாற்றுக்கு பஸ்ஸில் போனேன். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள். நான் வந்தபோது பச்சையாக நின்ற சம்பா இப்போது மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. சில வயல்களில் அறுப்பு மெஷின் இறங்கிவிட்டது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதனால் ஆறுகளிலும் தண்ணீர் வடியத் தொடங்கும் நேரம். ஐயாறப்பரைக் கும்பிட்டுவிட்டு, அசோகா அல்வா ஒரு கரண்டி மட்டும் சாப்பிட்டேன். மீதியை அப்பாவுக்குக் கட்டி வாங்கினேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் எதிர்வீட்டு அத்தை வந்தார். "ஹெர்னியா சரியாப் போச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "ஹெர்னியா இல்ல அத்தை. வயித்துக் கொழுப்பை எடுக்கிற ஆபரேஷன்."

அத்தை வாயைப் பிளக்கவில்லை. திண்ணையில் நெருங்கி உட்கார்ந்தார். "எனக்கும் எடுப்பாங்களா? எடுத்தா சுகர் குறையுமா?"

அதையும் சொன்னேன். குறையாது. 2004-இல் அமெரிக்காவில் உடல் பருத்த 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை இப்படி எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 7 பேருக்குச் சர்க்கரை நோய். மூன்று மாதம் கழித்துச் சோதித்தால் இன்சுலின் வேலை செய்வதிலோ, ரத்த அழுத்தத்திலோ, கொலஸ்ட்ராலிலோ முன்னேற்றம் எதுவும் இல்லை. குழாய் எடுப்பது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை. சர்க்கரையை ஏற்றுவதில் பெரும்பங்கு குடலைச் சுற்றி உள்ளே இருக்கும் கொழுப்புக்கு. அதை நடையும் சாப்பாடும்தான் கரைக்கும். என் வயிறும் அப்படித்தான். பழையபடி சாப்பிட்டால் கொழுப்பு வேறு இடம் தேடி உட்கார்ந்துகொள்ளும்.

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நீ நாளைக்குப் போயிடுவே. உங்கம்மா தனியாத்தானே பெரிய கோயிலுக்கு நடக்கப் போகும்?"

"ஆமாம் அத்தை."

"அப்ப என்னையும் அஞ்சரை மணிக்கு எழுப்பச் சொல்லு" என்று எழுந்து போனார்.

போன வாரம் அம்மா போனில் சொன்னாள். இருவரும் இப்போது இரண்டு சுற்று வருகிறார்களாம்.