சேறு அள்ளும் கணக்கு

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில், மஞ்சவாடிப் பக்கம் பிறக்கிறது. சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. சுகவனேசுவரர் கோயில் இதன் கரையில்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கள் தெருவில் யாரும் இதை ஆறு என்பதில்லை, சாக்கடை என்போம். மழைக்காலத்தில் மட்டும் "ஆத்துல தண்ணி வருது" என்று பேச்சு மாறும்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மலைச்சரிவில் கொட்டும் மழை அதிக நேரம் எடுக்காமல் ஊருக்குள் இறங்கிவிடும். இங்கே ஆறு குறுகிக் கிடக்கிறது. வீட்டுக் கழிவும் சாயத் தண்ணீரும் ஏற்கெனவே அதில் ஓடுகின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்தது. கீழே ஆறு பெருகியது.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று தண்ணீரின் நிறம் பார்ப்பார். கறுப்பாக ஏறினால் ஊர்த் தண்ணீர், வடிந்துவிடும். செம்மண் நிறமாக வந்தால் மலைத் தண்ணீர். உடனே அரிசி மூட்டையும் ரேஷன் கார்டும் பரணுக்குப் போகும்.

எங்கள் வீடுகளில் முதலில் நிரம்புவது கழிப்பறை. தண்ணீர் வடியும்வரை வெளியே போக இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம். வடிந்த பிறகு வேலை தொடங்கும். சேற்றை வாளியில் அள்ளுவது, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவது, துணிகளை அலசுவது, காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்ப்பது. வீட்டிலிருந்தே கொலுசு வேலை செய்கிற பெண்களுக்கு அந்த நாட்களில் கூலியும் இல்லை.

சேதம் கணக்கெடுக்க வருகிறவர் சுவர் இடிந்ததா, ஆடு மாடு செத்ததா என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். சேறு அள்ளிய நாட்களை எழுத அவருடைய படிவத்தில் இடமில்லை. எழுதப்படாத இழப்புக்கு நிவாரணமும் கிடையாது. ஆற்றைத் தாய் என்று மேடையில் புகழ்கிறார்கள். எல்லோருடைய அழுக்கையும் கூலியில்லாமல் சுமப்பவளுக்கு இங்கே அதுதான் பெயர்.

தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. அந்த இடங்களில் அமர்ந்திருக்கும் பெண்களிடம் நாம் இரண்டைக் கேட்கலாம். கரைச்சுவர் எவ்வளவு உயரம் என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு எதிர்வீட்டு அக்காவை அழையுங்கள். சேதப் படிவத்தில், சுத்தம் செய்த நாட்களுக்கும் இழந்த கூலிக்கும் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள்.