புல்வெளிப் பட்டினமும் பிரிந்தோர் ஏக்கமும்

பிறந்து வளர்ந்த ஊரைப் பிரிந்தவன் அவ்வூரை நினைந்து ஏங்குதல் மனித இயல்பு. இவ்வேக்கத்தை ஒரு நோயாகவே கருதிய காலமும் இருந்தது. 1688ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவம் பயின்ற யொகானஸ் ஹோபர் என்பவர், வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வேதனையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து இந்நோய்க்கு 'நொஸ்ரல்ஜியா' எனப் பெயரிட்டார். நோய் என்ற கருத்து காலப்போக்கில் மறைந்தது. பெயர் மட்டும் எஞ்சியது. எனினும், அம்மருத்துவர் எழுப்பாத சில வினாக்கள் உள. ஏங்குபவன் நினைவில் வாழும் ஊர், உண்மையில் இருந்த ஊர்தானா? ஏங்குவதற்கு உரிமை உடையோர் யாவர்? அவ்வேக்கத்தினால் அவ்வூருக்கு ஆவதென்ன? ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துச் சிறுபட்டினம் ஒன்றின் வரலாறும், அதனைப் பிரிந்து சென்ற ஒரு பெண்ணின் வரலாறும் இவ்வினாக்களைச் சிந்திப்பதற்குத் துணைபுரிவன.

அமெரிக்கக் கண்டத்தின் நடுவே பரந்து கிடப்பது பிறேரி எனப்படும் புல்வெளி. ஆற்றோரங்களிலன்றிப் பிறவிடங்களில் மரங்கள் அரிதாகவே காணப்பட்ட நிலம் அது. நெப்ராஸ்காவின் தென்னெல்லையில், கன்சாஸ் மாநிலத்திற்கு அண்மையில், றிப்பப்ளிக்கன் ஆற்றை அடுத்து 1870களின் தொடக்கத்திலே றெட் கிளவுட் என்னும் பட்டினம் தோன்றியது. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணத்துடன் உரிமையாக்கிற்று. செக், சுவீடிஷ், நோர்வீஜிய, டேனிஷ், ஜேர்மன் மொழிகளைப் பேசிய ஏழை உழவர் பலர் கடல் கடந்து அப்புல்வெளிக்கு வந்தனர். அவர்களுடைய சோளத்தையும் கோதுமையையும் ஏற்றிச் செல்லப் புகையிரதம் வந்தது. உழவன் ஒருவன் குதிரை வண்டியிலே தானியத்தைக் கொண்டு சென்று விற்றுவிட்டு அன்றே வீடு திரும்பக்கூடிய தூரத்தில் நிலையங்கள் அமைந்தன. நிலையத்தைச் சூழ்ந்து தானியக் களஞ்சியம், வங்கி, தேவாலயம், பாடசாலை, கடைகள் என்பன எழுந்தன. இப்பட்டினங்களின் இடத்தையும் அளவையும் குதிரையின் கால்களே தீர்மானித்தன எனலாம். பின்னாளில் அவை தேய்ந்தமைக்கும் இதுவே காரணமாயிற்று.

1883ஆம் ஆண்டில் வேர்ஜீனியா மாநிலத்திலிருந்து ஒரு குடும்பம் இப்பகுதிக்கு வந்தது. மலைகளும் மரங்களும் சூழ்ந்த பிரதேசத்தில் வளர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி வில்லா கதர், வேலியும் நிழலுமற்ற வெளியைக் கண்டு திகைத்தாள். எல்லாவற்றினதும் முடிவுக்கே வந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றிற்று. ஆனால், முதல் இலையுதிர்காலம் முடிவதற்குள் அப்புல்வெளி அவளை முற்றாக ஆட்கொண்டுவிட்டது. பின்னாளில் நாவலாசிரியையாகப் புகழ்பெற்ற கதர், தமது வாழ்வின் இன்பமும் சாபமும் அந்தப் பற்றுதலே என்னும் கருத்துப்பட ஒரு நேர்காணலிற் கூறியுள்ளார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வகுத்த அகமரபினைக் கற்றோர்க்கு, அவருடைய நாவல்களில் நிலமே தலைமைப் பாத்திரமாக விளங்குவது வியப்பளிக்காது.

எனினும், அந்த மண்ணை விட்டு வெளியேறுவதற்கு அவர் தயங்கவில்லை. 1884இல் பட்டினத்திற் குடியேறிய குடும்பத்திலிருந்து, 1890இல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயில்வதற்காக லிங்கன் நகருக்குச் சென்றார். அங்கிருந்து 1896இல் பிற்ஸ்பேர்க்கும், 1906இல் நியூயோர்க்கும் அவரை அழைத்துக்கொண்டன. தொடக்ககாலத்தில் அவர் எழுதிய சிறுகதைகளில் ஏக்கத்தின் சாயலைக் காண்பதரிது. 1904இல் வெளிவந்த கதையொன்றில், நெப்ராஸ்காப் பண்ணையில் நீண்டகாலம் உழைத்துத் தேய்ந்த மாமியொருத்தி பொஸ்ரன் நகரில் இசை கேட்கிறாள். நிகழ்ச்சி முடிந்தபின் எழுந்து செல்ல மனமின்றி அழுகிறாள். நெப்ராஸ்கா மக்களுட் சிலர் இதனைப் படித்துச் சினந்தனர். 1905இல் வெளிவந்த மற்றொரு கதையிலே, சிற்பி ஒருவனின் உடல் கன்சாஸ் மாநிலத்துச் சிறுபட்டினத்திற்குக் கொண்டுவரப்படுகிறது. உடலைச் சுற்றியிருந்து ஊரார் பேசும் சிறுமையான பேச்சுக்களே அக்கதையின் பொருள்.

இவற்றை எழுதிய அதே கைதான் 1913இல் 'ஓ, முன்னோடிகளே!' என்ற நாவலையும் 1918இல் 'என் அன்ரோனியா' என்ற நாவலையும் எழுதியது. ஹனோவர், பிளாக் ஹோக், மூன்ஸ்ரோன், பிராங்போர்ட், சுவீற் வோற்றர், ஹவர்போர்ட் எனப் பெயர்களை மாற்றி மாற்றி, றெட் கிளவுட் பட்டினத்தையே அவர் திரும்பத் திரும்பப் படைத்தார். பிரிந்து சென்று நெடுங்காலமான பின்னரே அவ்வூர் அவரது எழுத்திற் கனிந்தது. தூரமும் காலமும் சேர்ந்து செய்த வேலை இது. ஊரிலே இருந்தபோது மூச்சை அடைத்த தெருக்களே, ஊரைவிட்டுப் போனபின் மூச்சுக்காற்றாக மாறின.

கதர் இதனை அறியாதவரல்லர். 'என் அன்ரோனியா' நாவலின் கதையைச் சொல்பவன் நியூயோர்க்கில் வாழும் ஒரு வழக்கறிஞன். அவன் பணியாற்றுவது புகையிரதக் கம்பனி ஒன்றில் என்பது கருதத்தக்கது. புல்வெளியை ஊடறுத்துச் சென்ற இருப்புப்பாதையினால் வாழ்பவனே அப்புல்வெளியை எண்ணி உருகுகிறான். அவன் நினைந்துருகும் செக் இனப் பெண்ணோ மண்ணிலேயே தங்கியிருந்து, உழைத்து, பல பிள்ளைகளைப் பெற்று, பல்லிழந்து முதுமையடைகிறாள். ஏங்குவதற்கு அவளுக்கு நேரமில்லை. ஏங்கவேண்டிய தேவையும் இல்லை. இப்பாத்திரத்திற்கு முன்மாதிரியாக அமைந்த அன்னா பவெல்கா, அப்பகுதியிலேயே வாழ்ந்து 1955இற் காலமானார். ஊரைப் பற்றிய ஏக்கம் பெரும்பாலும் பிரிந்தோரின் உடைமை. ஊரோ தங்கியோரின் சுமை. இவ்வேறுபாட்டை மறந்து எழுதப்படும் நினைவுக் கட்டுரைகள் இனிமையானவையாக இருக்கலாம், உண்மையானவை ஆகா.

இதற்கு மறுபுறத்தையும் நோக்குதல் தகும். மினசோட்டா மாநிலத்தின் சோக் சென்ரர் என்னும் சிறுபட்டினத்தில் 1885இற் பிறந்தவர் சிங்கிளயர் லூயிஸ். 1920இல் வெளிவந்த அவரது 'பிரதான வீதி' என்ற நாவல், சிறுபட்டின வாழ்வின் குறுகிய மனப்பான்மையையும் சலிப்பையும் தற்பெருமையையும் இரக்கமின்றி எள்ளி நகையாடியது. தம்மையே அவர் எழுதிவிட்டார் என ஊரார் மனம் புண்பட்டனர். 1930இல் நோபல் பரிசினைப் பெற்ற முதலாவது அமெரிக்க எழுத்தாளர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. காலம் செல்ல, அவ்வூரும் தன் வீதிக்கு 'மூலப் பிரதான வீதி' என்று பெயர்ப்பலகை நாட்டிக்கொண்டது. 1951இல் ரோம் நகரில் இறந்த லூயிஸின் சாம்பல் சோக் சென்ரருக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டது. கதரோ 1947இல் நியூயோர்க்கில் இறந்து, நியூ ஹாம்சயர் மாநிலத்தின் ஜஃப்ரி என்னும் ஊரில் அடக்கஞ் செய்யப்பட்டார். ஊரை எள்ளியவர் ஊருக்கு மீண்டார். ஊருக்காக ஏங்கியவர் தொலைவிலேயே துயில்கிறார். ஊர்ப்பற்று என்பது புகழ்மொழியால் மட்டும் அளந்தறியத்தக்கதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, அப்பட்டினங்களுக்கு நேர்ந்ததைக் காண்போம். மோட்டார் வாகனமும் நல்ல வீதிகளும் வந்ததும், குதிரையின் ஒருநாட் பயணத்தை அளவாகக் கொண்டு எழுந்த பட்டினங்கள் தேவையற்றவை ஆயின. உழவு இயந்திரம் பத்துப்பேரின் வேலையை ஒருவனிடம் ஒப்படைத்தது. பண்ணைகள் பெருத்தன, பண்ணைக் குடும்பங்கள் அருகின. 1930களின் வறட்சியும் பொருளாதார மந்தமும், 1980களின் கடன் நெருக்கடியும் எஞ்சியோரிற் பலரை வெளியேற்றின. றெட் கிளவுட் அமைந்துள்ள வெப்ஸ்ரர் மாவட்டத்தில் 1890இல் 11,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். 2020இல் அத்தொகை ஏறத்தாழ 3,400 ஆயிற்று. 1934இல் அதே பிரதேசத்தைச் சேர்ந்த ஸ்ரீபன் எப்லர் என்ற ஆசிரியர், ஓரணிக்குப் பதினொரு மாணவர்களைத் திரட்ட இயலாத சிறு பாடசாலைகளுக்கென, ஆறுபேர் ஆடும் அமெரிக்க உதைபந்தாட்ட முறையை வகுத்தார். ஊர் சுருங்கினால் விளையாட்டையும் சுருக்கி விளையாடுவோம் என்னும் அந்த மனவுறுதி போற்றத்தக்கது. ஆயினும், எல்லா ஊர்களும் தப்பவில்லை. வட நெப்ராஸ்காவின் மொனோவி என்னும் ஊரில், 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வாழ்ந்தவர் ஒரேயொரு முதிய பெண்மணி. நகரத் தலைவியும் அவரே. நூலகப் பொறுப்பாளரும் அவரே. ஊர் என்பது எத்தனை பேரால் ஆவது என்ற வினாவை அவரது வாழ்வு எழுப்பாமல் எழுப்பியது.

பட்டினம் தேய்ந்ததை எண்ணி வருந்துவோர், அது தோன்றியபோது எவர் தேய்ந்தனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். றெட் கிளவுட் என்பது லகோட்டா மக்களின் தலைவர் ஒருவரின் பெயர். பட்டினம் அவர் பெயரைச் சூடிக்கொண்டு வளர்ந்தது; அவரோ 1909இல், வடக்கே ஒதுக்கிடம் ஒன்றில் இறந்தார். றிப்பப்ளிக்கன் ஆற்றங்கரையில் நெடுங்காலம் ஊர்களமைத்துச் சோளம் பயிரிட்டு வந்தோர் போனி மக்கள். 1870களில் அவர்கள் தெற்கே, பின்னர் ஒக்லஹோமா மாநிலமான பகுதிக்கு அகற்றப்பட்டனர். குடியேறியோருக்கு வழங்கப்பட்ட 160 ஏக்கர்கள் ஆளற்ற வெளியிலிருந்து அளந்தெடுக்கப்பட்டவையல்ல. கதரின் நாவல்களில் இம்மக்கள் ஏறத்தாழ இல்லை என்றே கூறவேண்டும். அவரது ஏக்கத்தின் பெருங்குறை அதுவே.

ஆனால், அவ்வேக்கம் வெறுஞ் சொல்லோடு நின்றுவிடவுமில்லை. தாயார் மறைந்த 1931ஆம் ஆண்டின் நத்தார்க் காலத்திலே கதர் இறுதியாக றெட் கிளவுட் சென்றார். அதன்பின் அவர் அங்கு செல்லவில்லையாயினும், மந்தகால ஆண்டுகளில் தாம் அறிந்த பண்ணைக் குடும்பங்களுக்குப் பணமும் பொருள்களும் அனுப்பிவந்தார். அவர் மறைந்த பின்னர், 1974இல், பட்டினத்திற்குத் தெற்கே உழப்படாத புல்வெளியில் 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அவர் பெயராற் பாதுகாக்கப்பட்டது. தங்கியோருக்குச் செய்யும் கடமையாக மாறும்போதே பிரிந்தோரின் ஏக்கம் மதிப்புப் பெறுகிறது.

போனி மக்கள் தெற்கே சென்றபோது தம் சோளவிதைகளையும் எடுத்துச் சென்றனர். ஒக்லஹோமா மண்ணில் அவை செவ்வனே விளையவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் பேணிவந்த விதைகள் அருகிப்போயின. 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில், எஞ்சிய விதைகளிற் சில நெப்ராஸ்காவுக்கு அனுப்பப்பட்டன. அங்கே, முன்னர் அகற்றியோரின் வழிவந்த குடியானவர் சிலரும் தோட்டக்காரர் சிலரும் அவற்றைத் தம் நிலத்தில் நாட்டினர். விதைகள் முளைத்தன, தழைத்தன, கதிர் ஈன்றன. விளைந்த சோளத்தை அவர்கள் ஒக்லஹோமாவிலுள்ள உரியவர்களிடமே அனுப்பிவைத்தனர்.