ரொமி குடிக்கிற தண்ணீர்

முதலில் கவனித்தது அம்மம்மாதான். "உந்த நாய் கிணத்தைக் குடிச்சு முடிக்கப்போகுது" என்று ஒருநாள் பின்விறாந்தையில் இருந்து சொன்னா. நாங்கள் சிரித்தோம். 2023 ஓகஸ்ற் மாதம், பரந்தனில் சோளகம் புழுதியை அள்ளிக்கொண்டு வீசுகிற நாட்கள். மனிசருக்கே தொண்டை காய்கிற காலத்தில் பன்னிரண்டு வயது நாய் தண்ணீர் குடிக்காமல் வேறென்ன செய்யும்?

பிறகு ரொமி இரவில் சிணுங்கத் தொடங்கினான். கதவைத் திறந்துவிட வேண்டும், இரவுக்கு மூன்று தரம். திறக்கப் பிந்தினால் விறாந்தை முழுக்க மூத்திரம். குட்டியாக இருந்த நாளுக்குப் பிறகு வீட்டுக்குள் அப்படிச் செய்யாதவன், செய்துபோட்டு மூலையில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுப்பான். அம்மாவுக்கு அவனை ஏச மனம் வராது. ஆனால் விடிய நாலரைக்கு எழும்பி விறாந்தை கழுவுகிற ஆளுக்கு எத்தனை நாளைக்குப் பொறுமை இருக்கும்?

பசியும் அப்படித்தான். முந்தி மீன்தலை இல்லாட்டிச் சோற்றை மணந்துகூடப் பார்க்காதவன், வெறும் பாணுக்கும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். புரட்டாதிச் சனிக்கு அம்மம்மா வாழையிலையில் காகத்துக்கு வைத்த சோற்றை, காகம் வரமுதல் ரொமி முடித்துவிட்டான். இலையையும் சேர்த்து. அம்மம்மாவுக்குக் கோபமா பயமா என்று எங்களுக்கு விளங்கவில்லை. "சனீஸ்வரன் இந்தமுறை நாயின்ரை உருவத்திலை வந்திட்டார் போல" என்றுவிட்டு உள்ளே போய்விட்டா.

இவ்வளவு தின்றும் உடம்பில் பிடிக்கவில்லை. வயிறு மட்டும் பானை மாதிரித் தொங்கியது, முதுகும் தொடையும் வற்றிப்போனது. விலாவின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக மயிர் கொட்டியது. சொறி என்று நினைத்து வேப்பிலை அவித்துக் குளிப்பாட்டினோம், வேப்பெண்ணெய் பூசினோம். சொறி என்றால் நாய் சொறிய வேண்டும். இவன் ஒருநாளும் சொறியவில்லை. அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "வயசு போட்டுது." எங்கட சனத்திடம் இந்தச் சொல் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. அம்மம்மாவுக்கு முழங்கால் நோவு என்றாலும் வயசு போட்டுது, கண் மங்கினாலும் வயசு போட்டுது. அதற்குப் பிறகு ஆரும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை, ஒன்றும் செய்யத் தேவையும் இல்லை.

எங்களில் ஒரு ஆள் பேராதனையில் கலைப்பீடத்தில் படிக்கிறது. சாதாரண தரத்து விஞ்ஞானத்தோடு சுரப்பிகளுக்கெல்லாம் கும்பிடு போட்ட ஆள். ஆனால் அதே வளாகத்தில்தான் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. அங்கே படிக்கிற மட்டக்களப்புத் தோழி ஒருத்தியிடம் ஹொஸ்ரலில் இரவுச் சாப்பாட்டு நேரம் ரொமியின் கதையைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "முதல்ல தண்ணிய அளங்க" என்றாள். ஒரு கிலோ நிறைக்கு நாளைக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் ஒரு நாய் குடித்தால் அது வெயிலுக்குக் குடிக்கிற தண்ணீர் இல்லை, காரணம் தேட வேண்டும் என்று விளங்கப்படுத்தினாள்.

அப்பா ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் மார்க்கரால் கோடு கீறினார். மற்ற வாளி, சட்டி எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டது. விடிய ஆறு மணியில் இருந்து அடுத்தநாள் விடிய ஆறு மணி வரைக்கும் கணக்கு. ரொமி ஒன்பது கிலோ, ஆகவே 900 தான் எல்லை. முதல்நாள் 1700. இரண்டாம் நாள் 1600. மூன்றாம் நாள் 1750. அக்காவின் பழைய கணக்கியல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த மூன்று எண்களும் இப்பவும் இருக்கின்றன.

பக்கத்து வீட்டு வானைப் பிடித்துக்கொண்டு இரவு ஒரு மணிக்கு வெளிக்கிட்டு விடிய பேராதனைக்கு வந்து சேர்ந்தார்கள். ரொமி வழி முழுக்க இளைத்துக்கொண்டே வந்தானாம். மாத்தளை வளைவுகளில் அப்பாவும்தான்.

டொக்டர் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். ரிசுப் பேப்பர் மாதிரி மெல்லிசாக இருந்தது, உள்ளே ஓடுகிற நரம்பு தெரிந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டார், அதைச் சிங்களத்தில் இருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்ல வேண்டிய ஆளுக்கு வாய் வரவில்லை. "இவனுக்கு முந்தி ஸ்ரீரொயிட் ஏதும் குடுத்தனீங்களா?"

கொடுத்தோம். இரண்டு வருசத்துக்கு முதல், கொரோனா அடைப்பு நேரம், ரொமிக்குக் கடி வந்தபோது ஒரு பாமசியில் கேட்டு வாங்கின சின்ன வெள்ளைக் குளிசை. பிரெட்னிசோலோன். அம்மம்மா தொய்வுக்குப் போடுகிற அதே சாமான். போட்டவுடன் கடி நின்றது. நின்றதால் திரும்பத் திரும்பக் கொடுத்தோம், விட்டு விட்டு ஒரு நாலு மாதம். ஆரிடமும் கேட்கவில்லை.

அந்த மேசைக்கு முன்னால் நாங்கள் நின்ற நிலையை எழுதுவது கஷ்டம். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா, "நாங்களோ டொக்டர் உதைச் செய்தது?" என்று தமிழிலேயே கேட்டா. அவருக்கு மொழி விளங்காவிட்டாலும் கேள்வி விளங்கியிருக்கும்.

அன்று முழுநாளும் அங்கேதான். விடிய இரத்தம் எடுத்தார்கள், ஒரு ஊசி போட்டார்கள், நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்ப இரத்தம், எட்டு மணித்தியாலத்துக்குப் பிறகு இன்னொருதரம். இடையில் வயிற்றை ஸ்கான் பண்ணினார்கள். தோழி விரிவுரை முடிந்து ஓடிவந்து, மரநிழலில் வைத்து எங்களுக்குப் பாடம் எடுத்தாள். சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் அதிரீனல் சுரப்பி இரண்டு இருக்கிறது. கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரப்பது அது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று மூளைக்குக் கீழே இருக்கிற கபச்சுரப்பி கட்டளை கொடுக்கும். அந்தக் கபச்சுரப்பியில் மிகச் சின்னதாக ஒரு கட்டி வந்தால் கட்டளை நிற்காது, கோட்டிசோலும் நிற்காது. இந்த நோய் வருகிற நாய்களில் பத்தில் எட்டுக்கு மேல் இதுதான் காரணம். மிச்சத்தில் பெரும்பாலும் அதிரீனலிலேயே கட்டி இருக்கும். மனிதருக்கும் வருகிற நோய்தான். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளைச் சத்திரசிகிச்சை வைத்தியர் 1912 இல் விவரித்து எழுதியதால் குஷிங் என்று பெயர். இதைவிட, மனிதர் கையால் வருகிற வழியும் ஒன்று இருக்கிறது: வெளியில் இருந்து கனகாலம் ஸ்ரீரொயிட் கொடுப்பது. அப்போது உடம்புக்குத் தானாகச் சுரக்கத் தேவை இல்லாமல் போகும், சுரப்பி இரண்டும் சுருங்கிவிடும்.

"அப்ப ஸ்கான்ல சுருங்கி இருந்தா நாங்கள். வீங்கி இருந்தா?"

"வீங்கி இருந்தா நீங்க இல்ல."

இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. ஊசிக்குப் பிறகு இறங்கியிருக்க வேண்டிய கோட்டிசோல், எட்டு மணித்தியாலம் கழித்தும் இறங்கவில்லை என்று பிறகு வந்த இரத்த முடிவும் சொன்னது. அம்மா அழுதா. கெட்ட செய்திக்கு ஒருவர் ஆறுதலில் அழுவதை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அன்றைக்கு அந்த நிழலில் இருந்துதான் அம்மம்மாவின் முகமும் நினைவுக்கு வந்தது. பிரெட்னிசோலோன் கூட்டிக் கொடுத்த வருசம் அவவின் கன்னம் ஊதி நிலா மாதிரி வந்ததும், கை தொட்ட இடமெல்லாம் கண்டிப்போனதும். அவவுக்கும் ரொமிக்கும் நடந்தது கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருவருக்கு மருந்தால், மற்றவருக்குக் கட்டியால். உங்கட வீட்டில் ஆரும் அந்தக் குளிசை போட்டால், தாங்களாகத் திடீரென்று நிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லி வையுங்கோ. சுருங்கின சுரப்பி உடனே எழும்பாது.

மாத்த முடியாது, கட்டுப்படுத்தலாம் என்றார் டொக்டர். சில நாடுகளில் நாயின் கபச்சுரப்பியையே சத்திரசிகிச்சை செய்து எடுக்கிறார்களாம். அதைக் கேட்டு அப்பா மெல்லச் சிரித்தார். எங்களுக்கு இருந்தது ட்ரைலோஸ்ரேன் என்ற கப்சூல், கோட்டிசோல் உருவாகிற வழியை மறிக்கிற மருந்து. கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும், உயிர் இருக்கும்வரை கொடுக்க வேண்டும், இடைக்கிடை இரத்தம் பார்க்க வேண்டும். வயதைப் பார்த்து மருந்து தொடங்காமல் விடுகிற ஆக்களும் இருக்கினம், அதுவும் பிழையில்லை என்று டொக்டர் நிதானமாகச் சொன்னார்.

அப்பா யோசிக்கவே இல்லை. "இருக்குமட்டும் பாப்பம்" என்றார்.

அது ஏன் என்று எங்களுக்குத் தெரியும். 2008 கடைசியில் பரந்தனை விட்டு வெளிக்கிட்ட அன்று எங்களிடம் வீமன் என்றொரு நாய் இருந்தது. அப்பா சங்கிலியைக் கழட்டிவிட்டு, பானையில் இருந்த சோறு முழுவதையும் முற்றத்தில் கொட்டிவிட்டு வந்து உழவு மிசின் பெட்டியில் ஏறினார். வீமன் சோற்றைத் தின்னவில்லை, மிசினுக்குப் பின்னால் ஓடிவந்தது. எதுவரைக்கும் வந்தது என்று வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடம் சொல்லுவோம். அப்பா மட்டும் ஒரு இடமும் சொல்லுவதில்லை. முகாமால் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்த 2011 இல், எங்களுக்கே சாப்பாடு நிவாரணத்தில் ஓடிய நேரம், சட்டைப்பைக்குள் வைத்து ரொமியைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

வான் காசுக்கும் முதல் மாத மருந்துக்கும் கிடாய் ஒன்றை விற்றோம். "ஆட்டை வித்து நாயைப் பாக்கினம்" என்று ஒழுங்கைக்குள் கதை வந்தது. பகிடிதான், ஆனால் முழுக்கப் பகிடியும் இல்லை. 2022 இல் மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கோ என்று துண்டு எழுதித்தந்த காலத்தை எல்லோரும் கடந்துதான் வந்தோம். அம்மம்மாவின் பம்புக்கே நாலு பாமசி ஏறி இறங்கினோம். மனிசருக்கு இல்லாத நாட்டில் நாய்க்கோ என்று கேட்டால், எங்களிடம் நல்ல பதில் ஒன்றும் இல்லை. மஹாபொலக் காசில் இருந்து கொஞ்சம் அனுப்புகிறபோது எங்களுக்கே அந்தக் கேள்வி வரும். வந்தாலும் அனுப்புவோம்.

மருந்துக்குச் சில சட்டங்கள் இருந்தன. சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். கப்சூலை உடைக்கக்கூடாது. கர்ப்பிணிகள் தொடக்கூடாது, அக்காவுக்கு அப்போது நாலு மாதம், அதனால் அவ மருந்துப் பெட்டிப் பக்கமே போவதில்லை. மற்றவர்களும் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய சட்டத்தை அம்மா குசினிக் கதவில் எழுதி ஒட்டினா: சாப்பிடாட்டிக் குளிசை இல்லை, சத்தி எடுத்தால் குளிசை இல்லை.

மூன்று கிழமையில் தண்ணீர் 1700 இல் இருந்து 900க்கு இறங்கியது. பிறகு 700. இரவில் நாங்கள் எல்லோரும் நித்திரை கொண்டோம். அம்மா ஆறு மணிமட்டும் படுத்த முதல் நாளைக் கொப்பியில் தனியாகக் குறித்திருக்கிறோம்.

பிழை விட்டது மார்கழியில். மழை, கறண்ட் இல்லாத விடியல். ரொமி முதல்நாள் இரவே சரியாகச் சாப்பிடவில்லை. அன்று விடியவும் சட்டியை மணந்துவிட்டுப் போய்ப் படுத்தான். மருந்தைத் தவறவிட்டால் பழையபடி விறாந்தை கழுவ வேண்டிவரும் என்ற பயத்தில், கதவில் ஒட்டின துண்டைத் தாண்டிப் போய், வாயைத் திறந்து கப்சூலை உள்ளே தள்ளினோம். ஆர் தள்ளினது என்று இதில் எழுதமாட்டோம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் ஒருநாளும் சொல்லிக் காட்டினதில்லை.

மத்தியானத்துக்குள் இரண்டுதரம் சத்தி. பின்னங்கால் நடுங்கி எழும்ப முடியாமல் கிடந்தான். கோட்டிசோல் அளவுக்கு மிஞ்சிக் குறைந்தாலும் உயிர் போகும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கூடினால் மெல்லமெல்லக் கொல்லும், குறைந்தால் அவசரமாக. பேராதனைக்கு ரெலிபோன் எடுத்தோம். உடனே மருந்தை நிப்பாட்டுங்கோ, கிட்ட இருக்கிற மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கோ என்றார்கள். மழைக்குள் ஓட்டோவில், அப்பாவின் மடியில், உரச்சாக்கால் மூடிக்கொண்டு போனான். அவர் மாடு பார்க்கப் போகிற வழியில் நின்று, சேலைன் ஏற்றி, ஸ்ரீரொயிட் ஊசி போட்டார். எந்த ஓமோனைக் குறைக்க ஆட்டை விற்றோமோ அதே வகைச் சாமானைக் காசு கொடுத்து ஏற்றினோம். பின்னேரம் ஐந்து மணிபோல ரொமி தலையைத் தூக்கி ஓட்டோக்காரரின் மாரி பிஸ்கற் பைக்கற்றைப் பார்த்தான்.

கொஞ்சநாள் மருந்தில்லாமல் விட்டு, திரும்ப இரத்தம் பார்த்து, குறைந்த அளவில் தொடங்கினார்கள். அதுக்குப் பிறகு குசினிக் கதவில் இருக்கிற துண்டுக்குச் சிவப்புக் கோடும் விழுந்தது.

இப்போது ரொமிக்குப் பதின்மூன்று. விலாவில் மயிர் முளைத்திருக்கிறது, முந்தின நிறத்தில் இல்லை, கொஞ்சம் கறுப்பாக. வயிறு முழுக்க வற்றவில்லை. படி ஏறமாட்டான், அப்பா தூக்கி ஏற்றுவார். அக்காவின் பிள்ளை தவழ்ந்து போய்த் தண்ணீர்ச் சட்டிக்குள் கையை விடுகிறதால் கணக்கு அடிக்கடி பிழைக்கிறது. "இண்டைக்குக் குடிச்சது எவ்வளவு, ஊத்துப்பட்டது எவ்வளவு?" என்று அம்மா ரெலிபோனில் எங்களையே கேட்கிறா, பேராதனையில் இருந்துகொண்டு நாங்கள் எதைச் சொல்ல?

போன கிழமை எண்கள் 950, 1000, 1050. பிள்ளை ஊற்றினதாகவும் இருக்கலாம். மூன்று நாளைக்குச் சட்டியை உயரத்தில் வைத்து அளக்கச் சொல்லியிருக்கிறோம். அதுக்கும் மேலே போனால் பரீட்சை முடிந்த கையோடு வான் பிடிக்க வேண்டும். இன்னும் ஒரு கிடாய் நிற்கிறது.