விலகிய தம்பூரா

புனேயில் இசை பயிலும் ஆய்வு மாணவர் ஒருவர், யமன் ராகத்தின் சிறு ஆலாபனையைக் கணினியில் அமைத்தார். சிதாருக்கு ஒரு ட்ராக். தம்பூராவுக்கு ஒரு ட்ராக். திரையில் இரண்டும் வெவ்வேறு நிறங்களில் தனித்தனியே ஓடின. சிதார் ஆசிரியருக்குப் போட்டுக் காட்டியபோது, காந்தாரத்திலிருந்து தீவிர மத்தியமத்துக்குத் தந்தி இழுபட்ட கணத்திலேயே அவர் நிறுத்தச் சொன்னார். தம்பூரா ஏன் சுருதி விலகுகிறது என்று மட்டும் கேட்டார்.

ட்ராக் என்பது எழுதுபவரின் வசதிக்கான பிரிவு. ஒலியை எழுப்பும் மென்பொருள் அதை அறியாது. செய்தியோடு வரும் சேனல் எண்ணையே அறியும். 1983இல் வெளியான மிடி நெறிமுறை அவ்வெண்ணுக்கு 4 பிட்டுகளை ஒதுக்கியது. ஆகவே 16 சேனல்கள். சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் கட்டளை தனிச் சுரத்துக்கு உரியதன்று, சேனல் முழுமைக்கும் உரியது. மாணவரின் இரு ட்ராக்குகளும் முதல் சேனலிலேயே இருந்தன. ஜெனரல் மிடியின் 128 ஒலிகளுள் தம்பூரா இல்லை. எனவே இரண்டுக்கும் 105ஆம் எண்ணாகிய சிதாரையே வைத்திருந்தார். ஒலி வேறாக இருந்திருந்தால் பிழை அன்றே பிடிபட்டிருக்கும்.

நம் இசை மிடியில் அடங்காது என்று சொல்லி நகர்வது ஆய்வரங்குகளில் வழக்கம். மிடி விசைப்பலகையை மனத்தில் கொண்டு பிறந்தது என்பது மெய்தான். எனினும் வளைவுக் கட்டளைக்கு 16,384 படிகள் உண்டு. கமகத்துக்கு அந்த நுண்மை போதும். பற்றாக்குறை சேனல்களில்தான்.

தம்பூரா 2ஆம் சேனலுக்குச் சென்றது. வேலை அத்தோடு முடியவில்லை. சிதாரின் முதன்மைத் தந்தி இழுபடும்போதும் சிக்காரித் தந்திகள் அசையாமல் சட்ஜத்தில் நிற்க வேண்டும். ஆகவே ஒரே வாத்தியத்துக்கு இரண்டு சேனல்கள். வழக்கமான வளைவு எல்லை இருபுறமும் 2 அரைச்சுரம். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்தைத் தொடவே 3 வேண்டும். எல்லையைச் சேனல்தோறும் தனியே விரிக்க வேண்டும். தபலாவைப் பழக்கத்தில் 10ஆம் சேனலில் வைத்தால் மேற்கத்திய டிரம்ஸ் முழங்கும். சுரத்துக்கு ஒரு சேனல் என்னும் எம்.பி.ஈ. முறை 2018இல் ஏற்கப்பட்டது. மாணவர் கையால் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

இரண்டாம் முறை ஆசிரியர் இறுதிவரை கேட்டார். சிக்காரி சற்று முந்துகிறது என்றார்.