முகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது?

தம்பி,

இரண்டாவது லென்ஸ் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். 28, 35, 90 மி.மீ. என்று மூன்றையும் எழுதி, பக்கத்தில் கனடா விலையையும் போட்டிருக்கிறாய். விலையைப் பிறகு பார்ப்போம். முதலில் எங்கள் வீடுகளில் மிஞ்சிக் கிடக்கிற பழைய படங்களைப் பற்றிக் கதைக்க வேண்டும். எதை வாங்குவது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

தீவுப்பகுதியில் அந்தக் காலத்தில் படம் என்றால் ஸ்ரூடியோப் படம். கலியாணம் முடிய ஒன்று, பிள்ளைக்கு முப்பத்தொன்று கழிய ஒன்று, வெளிநாடு போகிறவருக்கு ஒன்று. பின்னால் ஒரு சீலைத் திரை. அதில் மாளிகைப் படிக்கட்டோ, அன்னம் நீந்துகிற குளமோ. நெடுந்தீவில் பிறந்து ஒரு அன்னத்தையும் கண்டிராத கிழவி அன்னத்துக்கு முன்னால் இருப்பாள். 1972இல் தேசிய அடையாள அட்டை வந்த பிறகு அந்த அன்னமும் போய்விட்டது. வெறும் முகம், வெள்ளைப் பின்னணி.

1990, 91இல் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்தது காணி உறுதி, அடையாள அட்டை, கொஞ்ச நகை, அலமாரியில் கைக்கு எட்டிய படங்கள். ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவர்கள் கூரை இல்லாத சுவர்களையும் பற்றை மண்டிய வளவுகளையும் கண்டார்கள். இன்றைக்கு உன் வயதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: எங்கள் வீட்டு விறாந்தை எப்படி இருந்தது? கிணற்றடி எந்தப் பக்கம்? படலைக்குப் பக்கத்தில் நின்றது வேம்பா, பூவரசா? காட்டுவதற்கு எங்களிடம் எதுவுமில்லை. முகங்கள் இருக்கின்றன. முகத்துக்குப் பின்னால் சீலைத் திரை.

ஆகவே என் கட்சி 35. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். நீ மறுத்து எழுதலாம்.

உன் கமராவில் இருக்கிற 50 நல்ல லென்ஸ்தான். ஆனால் கணக்கைப் பார். விறாந்தையில் உனக்கு இரண்டு மீற்றர் தள்ளி உன் அம்மம்மா சாய்மனைக் கதிரையில் இருக்கிறா என்று வை. கமராவைப் படுக்கையாகப் பிடித்தால் 50இல் அந்த இடத்தில் விழுகிற அகலம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. அம்மம்மாவும் கதிரையும் வருவார்கள், அவ்வளவுதான். 35இல் அதே இடத்தில் இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் மேல். இப்போது தூண் வருகிறது, தூணில் சாத்திய விளக்குமாறு வருகிறது, பின்னால் திறந்திருக்கிற கதவும் உள்ளே தொங்குகிற சாமிப் படமும் வருகின்றன. ஆள் சிறுத்துப் போகவும் இல்லை. 90இல் எண்பது சென்ரிமீற்றர் அகலம். திரும்பவும் அடையாள அட்டைதான்.

பின்னுக்குப் போய் நின்று 50ஐப் பாவிக்கலாமே என்பாய். குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போகிற லோஞ்சில் ஏறிப் பார். வாங்கில் எதிரும் புதிருமாகச் சனம், நடுவில் பூத்தட்டு, வாழைக்குலை, அழுகிற குழந்தை. பின்னுக்குப் போனால் கடல். எங்கள் வாழ்க்கை நெருக்கமான இடங்களில் நடக்கிறது: லோஞ்சு, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் சனத்தையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஓடுகிற ‘பாதை’ என்கிற மிதவை, அடுப்படி, தேர்முட்டி. தீவு என்றால் பரந்த வெளி என்று வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கடல் பரந்ததுதான், அதில் நாங்கள் குடியிருக்கவில்லையே.

பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் 50உடன் லைக்காவில் வேலை செய்தவர் என்று உன் கூட்டாளி ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். மெய்தான். 1948 ஜனவரி 30இல் காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்துப் படம் பிடித்ததும், 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் நின்றதும் அந்த மனிதர்தான். ஆனால் அவர் தேடியது ஒரு கணத்தை. நீ தேடுவது ஒரு வளவை. தேவை வேறு, ஆகவே லென்ஸும் வேறு. பெரியவர்கள் வைத்திருந்ததை வாங்கினால் பெரியவர்களின் படம் வரும் என்று நினைத்த பலபேரின் அலமாரிகளை நான் கண்டிருக்கிறேன்.

28 ஏன் வேண்டாம்? நெடுந்தீவில் பெருக்கமரத்துக்கு முன்னால் நின்றவுடன் 28 வேண்டும் என்று கை துடிக்கும். அந்த அடிமரத்தின் பருமன் அப்படி. 28உடன் கிட்டப் போனால் மரம் இன்னும் ஊதிப் பெருத்து, பக்கத்தில் நிற்கிற ஆள் பொம்மை ஆகிவிடுவார். மரத்துக்காக லென்ஸ் வாங்குவதென்றால் வாங்கு. இன்னொரு காரணம் உன் கமரா. பெஸ்ஸா ஆரின் வியூபைண்டரில் 35, 50, 75, 90 ஆகியவற்றுக்கு மட்டுமே சட்டக் கோடு இருக்கிறது. 28 போட்டால் மேலே தனியாக ஒரு வியூபைண்டர் செருக வேண்டும். போகஸ் ஒரு துவாரத்தில், சட்டம் இன்னொரு துவாரத்தில். ஆடுகிற லோஞ்சில் இது சரிவராது. நீ கண்ணாடி வேறு போடுகிறாய். கண்ணாடியோடு 35இன் கோட்டைப் பார்ப்பதற்கே கண்ணைக் கொஞ்சம் உருட்ட வேண்டியிருக்கும்.

லென்ஸுக்கு முதல் உடலைப் பார் என்பதை உன் கூட்டாளிகளுக்கும் சொல்லு. 1954இல் வந்த லைக்கா எம்3இல் 50, 90, 135க்கு மட்டும்தான் கோடு. 35க்குக் கோடு வேண்டும் என்றால் அதற்குப் பிறகு வந்த எம்2. கனன் பி வைத்திருப்பவருக்கு 35, 50, 100 மூன்றும் உள்ளேயே தெரியும். சோவியத் சோர்க்கி 4இல் 50 மட்டும். மற்றவற்றுக்கு மேலே ஒரு சுழல் வியூபைண்டர் பூட்ட வேண்டும்.

90இன் மேல் உனக்கு ஆசை என்று தெரிகிறது. நெடுந்தீவுக் குதிரைகளைப் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தம்பி, குதிரைக்கு நல்லது தூரத்தை இழுக்கிற எஸ்.எல்.ஆர். உன்னுடையது றேஞ்ச்பைண்டர். அது எப்படி வேலை செய்கிறது என்று யோசி. இரண்டு சின்னச் சாளரங்கள். இரண்டும் காட்டுகிற உருவம் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்போது தூரம் சரி. சாளரங்களுக்கு இடைவெளி கூடினால் நுட்பமும் கூடும். எம்3இல் அந்த இடைவெளி 68 மி.மீற்றருக்கு மேல், உன் பெஸ்ஸாவில் ஏறத்தாழ 37. அதிலும் வியூபைண்டர் உருவத்தைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. 90இன் சட்டம் நடுவில் ஒரு தீப்பெட்டி அளவுதான். நகருகிற குதிரையை அந்தப் பெட்டிக்குள் பொருத்துவதற்குள் அது முருகைக்கல் வேலி தாண்டிப் போய்விடும். குதிரைப் படம் வேறு ஆயிரம் பேர் பிடித்துவிட்டார்கள். அந்தக் கல்வேலியை அடுக்கிய கைகளை எத்தனை பேர் பிடித்தார்கள்?

தூரத்தில் நின்று பிடிப்பதில் எனக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. 90 வைத்திருப்பவர் கதைக்காமலே படம் பிடிக்கலாம். 35 வைத்திருப்பவர் கிட்டப் போக வேண்டும், கிட்டப் போனால் கதைக்க வேண்டும். "எந்த ஊர், ஆரின்ர பேரன்?" என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் ஒரு வீட்டு முற்றத்திலும் நீ கமராவைத் தூக்க முடியாது. எனக்கு இது வசதியாகப் படுகிறது. உனக்கு முதலில் கூச்சமாக இருக்கும். ஒருவர் கையை அசைத்து வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதே. 1985 மே 15இல் குமுதினிப் படகில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதை நெடுந்தீவுச் சனம் மறக்கவில்லை. படகில் ஏறி இருக்கிறவர்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும் என்று உனக்கும் எனக்கும் தெரியாது. கடற்படை முகாம் பக்கம் கமராவைத் திருப்புவதற்கு முன்னும் கேள். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலிலும் நாகதீப விகாரையிலும் அப்படியே.

இனி விலை. எஃப் 1.4, எஃப் 2 என்று துவாரம் பெருக்கப் பெருக்கக் காசும் பாரமும் ஏறும். எங்கள் ஊருக்கு அது தேவையில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் 100 பிலிமுக்கு 1/125 வேகமும் எஃப் 16உம் சரியாக இருக்கும். கடலும் வெள்ளை முருகைக்கல்லும் எறிக்கிற வெளிச்சத்தில் இன்னும் ஒரு படி குறைக்கலாம். 400 பிலிம் போட்டால் விறாந்தைக்குள்ளும் எஃப் 2.8 தாராளம். எஃப் 2.5, 2.8 உள்ள ஒரு சின்ன 35 வாங்கு. 35ஐ எஃப் 8இல் வைத்து, தூரத்தை ஐந்து மீற்றருக்குத் திருப்பிவிட்டால் இரண்டரை மீற்றரில் இருந்து தொடுவானம் வரை தெளிவு. எஃப் 11இல் முன் எல்லை இன்னும் கிட்ட வரும். தேர் அசையத் தொடங்கிய பிறகு போகஸ் பண்ண நேரம் கிடையாது. முன்கூட்டியே திருப்பி வைத்துவிட்டு ஆட்களை மட்டும் பார்.

உன் கமராவுக்கு 39 மி.மீ. திருகு. ஆகவே பழைய கனன், நிக்கோன், லைக்காத் திருகு லென்ஸ்கள் எல்லாம் ஏறும். பெஸ்ஸா செய்த கொசினா நிறுவனமே ஒரு 35, எஃப் 2.5 செய்தது. மலிவு என்று சோவியத் யூப்பிட்டர்-12 ஒன்று கண்ணில் படும். படம் நல்ல வடிவு. ஆனால் அதன் பின் கண்ணாடி கமராவுக்குள் ஆழமாக நீண்டு நிற்கும்; சில உடல்களில் உள்ளே முட்டும். பலவந்தமாகத் திருகாதே. சோவியத் 85, எஃப் 2 லென்ஸை மட்டும் தொடாதே. அவர்களுடைய தூரக் கணக்கு லைக்காக் கணக்கில் இருந்து மயிரிழை வேறு; துவாரத்தைத் திறந்து கிட்டத்தில் பிடித்தால் கண்ணுக்கு வைத்த போகஸ் வேறெங்கோ போய் நிற்கும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது சின்ன ரோர்ச் ஒன்று கொண்டு போ. துவாரத்தை முழுக்கத் திறந்து பின்பக்கத்தால் வெளிச்சம் அடித்துப் பார். சிலந்தி வலை போல் நூல் ஓடியிருந்தால் பூஞ்சணம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. இலைத் தகடுகளில் எண்ணெய் மினுங்குதா பார். வெளிப்பக்கத்தில் மெல்லிய கீறல் ஒன்றிரண்டு இருந்தால் பயப்படாதே, அதைச் சொல்லி விலையைக் குறை.

பூஞ்சணத்துக்கு மாரி மாதம் காணும், உப்புக்குச் சோளகம் காணும். வைகாசிக்குப் பிறகு நெடுந்தீவுக் கடல் எழும்பும். லோஞ்சின் முன்பக்கம் இருந்தால் லென்ஸ் உப்பில் குளிக்கும். கண்ணாடியைக் காய்ந்த துணியால் தேய்க்காதே, உப்புக்கல் கீறிவிடும். முதலில் ஊது, பிறகு ஈரத்தால் ஒற்று. அதற்காகவே முன்னால் ஒரு வெறும் வடிகட்டிக் கண்ணாடி போட்டுக்கொள். இரவில் தோல் உறைக்குள் பூட்டி வைக்காதே, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மூடி இறுகிய பெட்டியும் சிலிக்கா பையும் போதும். உன் கமராவின் ஷட்டர் உலோகத் திரை என்பதால் ஒரு கவலை குறைவு. பழைய லைக்காவையும் சோர்க்கியையும் லென்ஸ் மூடாமல் வெயிலைப் பார்த்து வைத்தால் சூரியன் துணித் திரையில் ஓட்டை போட்டுவிடும். மூடிக் கதை வேறொன்றும் உண்டு: றேஞ்ச்பைண்டரில் லென்ஸ் ஊடாகப் பார்ப்பதில்லை. மூடியைக் கழற்றாமலே ஒரு றோல் முழுக்கப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

பிடித்ததைக் கணினியில் மட்டும் வைத்திருக்காதே. கொழும்பில் லியனல் வென்ட் என்று ஒருவர் இருந்தார். பியானோ வாசிப்பவர், 1930களில் லைக்காவும் றொலைபிளெக்சுமாக இந்த நாட்டைப் படம் பிடித்தவர். 1944இல் இறந்தார். பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்றைக்கு நாங்கள் பார்ப்பது அவர் கடதாசியில் போட்டு வைத்த பிரதிகளை. ஆகவே ஒவ்வொரு வீட்டுப் படத்திலும் இரண்டு பிரதி போடு. ஒன்று அந்த வீட்டாருக்கு, பின்பக்கத்தில் ஊர், வட்டாரம், ஆண்டு எழுதி.

ஆனியில் அம்மன் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்கிறாய். லென்ஸை அதற்கு ஒரு மாதம் முன்னமே வாங்கி, அங்கேயே ஒரு றோல் ஓட்டிப் பார். செங்கற்சுவர் ஒன்றைச் சரிவாக ஒரு மீற்றரில் போகஸ் பண்ணி, துவாரத்தை முழுக்கத் திறந்து பிடி. நீ பொருத்திய கல்லுக்கு முன்னோ பின்னோ தெளிவு போய் விழுந்தால் லென்ஸைத் திருப்பிக் கொடு அல்லது சரிபார்க்கக் கொடு. இங்கே வந்த பிறகு தீவுக்குள் திருத்துவதற்கு ஆளில்லை.