பென்சிலில் எழுதிய பெயர்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்கோடியில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் கிளை ஒன்று இருக்கிறது. கிளை என்றால் பத்து நாற்காலியும் ஒரு பீரோவும். பென்ஷன் மனு எழுதித் தருவதுதான் பிரதான அலுவல். போன வருஷம் அவர்களுக்கு ஓர் ஆசை பிறந்தது. ஊரில் ஞாபகக் கல் ஒன்று நாட்டவேண்டும் என்று. கதை எழுதுகிறவன் ஆயிற்றே, வாசகம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் பெயரில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மேஜர் முகுந்த் வரதராஜன். தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியில் படித்தவர். 2014 ஏப்ரல் 25-ந் தேதி காஷ்மீரத்தில் ஷோபியான் பக்கம் நடந்த சண்டையில் உயிர்நீத்து, அசோகச் சக்கரம் பெற்றவர்.

தகராறு இரண்டாவது பெயரில் வந்தது. எதிர்வீட்டு ஹவில்தார் தம் சிநேகிதர் பெயரைச் சொன்னார். பனிமலைக் காவலில் நிமோனியா கண்டு, ஆஸ்பத்திரியில் இறந்த மனிதர். "சண்டையில் செத்தவர்களுக்குத்தான் கல்" என்று சொல்லிவிட்டார்கள். ஹவில்தார் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து, "சார், ஓர் இடத்துக்கு வர்றீங்களா?" என்றார்.

பரங்கிமலையில் ரயிலை விட்டு இறங்கி, நந்தம்பாக்கம் யுத்த மயானத்துக்குப் போனோம். எத்தனையோ தடவை பஸ்ஸில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்; உள்ளே கால் வைத்ததில்லை. ஒட்ட வெட்டிய புல், வரிசை வரிசையாகக் கற்கள். தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலக யுத்தத்துச் சமாதிகளுக்காக 1952-ல் ஏற்படுத்திய இடம். 850-க்கு மேற்பட்டவர்கள் உறங்குகிறார்கள். பின்புறத்தில் முதல் யுத்தத்தின் நினைவுச் சின்னம். சமாதியைப் பராமரிக்க முடியாமல் போன ஆயிரத்துச் சொச்சம் பேருடைய பெயர்கள் அதில்.

"மெட்ராஸ்ல எங்கே சார் சண்டை நடந்தது?" என்றார் ஹவில்தார்.

யோசித்துப் பார்த்தேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. வேறென்ன?

"இவங்கள்ல எத்தனை பேர் காய்ச்சல்ல போனவங்களோ!"

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். இந்தச் சமாதிகளைக் காக்கும் காமன்வெல்த் கமிஷனின் விதி சுலபமானது: 1914 ஆகஸ்டு 4 முதல் 1921 ஆகஸ்டு 31 வரை படையில் இருந்து இறந்தவர் எவரானாலும் சரி. குண்டா, வாந்திபேதியா என்ற கேள்வி இல்லை. சண்டை ஓய்ந்தது 1918-ல் என்பதையும் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரனிடம் எனக்கு எவ்வளவோ மனஸ்தாபம் உண்டு. இந்த ஒரு கணக்கில் இல்லை.

"இதை நீங்களே சங்கத்தில் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நான் சொன்னா சிநேகிதனுக்காகப் பேசறேம்பாங்க. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பட்டியல் என் மேஜையில் இருக்கிறது. இரண்டாவது பெயரை ஹவில்தார் பென்சிலில் எழுதியிருந்தார். நேற்று ராத்திரி அதன்மேல் பேனாவை ஓட்டிவிட்டேன்.